பத்து வீடு, எழுபத்திரண்டு அச்சு முறுக்கு

"பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதற்கு அழைப்பிதழ் எதற்கு மாப்பிள்ளை?" என்று அத்தை கேட்டபோது, நான் மடிக்கணினியில் பத்துக் குடும்பங்களின் பெயர்களையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கேள்வி நியாயமானதுதான். நாகர்கோவிலில் அவர்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் 23, 24 தேதிகளில் தட்டுகள் வீடு வீடாகப் போகும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக், மேலே மூட ஒரு துணி. போன தட்டு வெறுந்தட்டாகத் திரும்பாது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும். எத்தனை போயிற்று, எத்தனை வந்தது என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஒரு புறநகரில். இங்கே அதே காரியம் கணக்கோடு நடக்கிறது. 'குக்கி ஸ்வாப்' என்கிறார்கள். ஒவ்வொரு வீட்டாரும் ஒரே ஒரு வகை குக்கியை நிறையச் செய்து எடுத்து வரவேண்டும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, வகைக்கு இத்தனை என்று அனைவரும் சமமாக எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வகை செய்த உழைப்புக்குப் பத்து வகை வீடு வந்து சேரும். மூன்று ஆண்டுகளாக அடுத்தவர் வீட்டில் தின்றுவிட்டு வந்தோம். போன டிசம்பரில் எங்கள் முறை வந்தது. அத்தை ஆறு மாதத்துக்கு எங்களோடு தங்க வந்திருந்த நேரம் அது. அவர் பெட்டியில், துண்டில் சுற்றிய, பூ வடிவ அச்சு முறுக்கு அச்சும் வந்திருந்தது. அதனால் எங்கள் வீட்டு வகை எது என்பதில் விவாதமே எழவில்லை.

கணக்கிலிருந்து தொடங்கினேன். பத்து வீடு, வகைக்கு ஆறு வீதம் எடுத்துக்கொள்வது என்றால் ஒவ்வொரு வீட்டாரும் 60 செய்ய வேண்டும். அங்கேயே தின்று பார்க்க 12. ஆக 72, சரியாக ஆறு டஜன். ஆறு ஆறாக வகுபடும் கணக்கு என்பதால் எனக்கு ஒரே மகிழ்ச்சி. எடையைக் கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரு குக்கி சராசரியாக 25 கிராம் என்றால் 60 குக்கி ஒன்றரைக் கிலோ. வெண்ணெயும் சர்க்கரையுமாக ஒன்றரைக் கிலோவை நான்கு பேர் உள்ள ஒரு வீடு எப்போது தின்று தீர்க்கும்? விழா முடிந்து பெட்டியைத் தராசில் வைத்த பிறகுதான் இது உறைத்தது. இந்த ஆண்டு வகைக்கு நான்குதான்.

நாள், டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை. நேரம், பிற்பகல் 2 மணி. இந்த ஊரில் அந்த வாரங்களில் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். இருட்டிய பிறகு சாலை உறைந்து கண்ணாடி போலாகும். நான்கு மணிக்கு எல்லோரையும் வண்டியேற்றிவிட வேண்டும். அழைப்பை மூன்று வாரம் முன்னால் அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் உங்கள் வகை எது என்று சொல்லுங்கள், முதலில் சொன்னவருக்கே அந்த வகை, ஒரே வகை இருமுறை வரக்கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் பத்தில் ஆறு பேர் சாக்லேட் சிப் குக்கியோடு வந்து நிற்பார்கள். பதில்கள் வந்தன, பட்டியலில் ஏற்றினேன். எதிர்வீட்டு அம்மையார் 'ரோசெட்' என்று எழுதியிருந்தார். பெயரைப் பார்த்து, ரோஜா வடிவில் க்ரீம் பிழிந்த ஏதோ ஒன்று என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். விதியை வகுத்தவனே அதைக் கோட்டைவிட்டது அந்த இடத்தில்தான்.

அடுத்து ஒவ்வாமை. இங்கே உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை ஒன்பது: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள். எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது 2023 ஜனவரி 1 முதல். வீட்டு விருந்துக்குச் சட்டம் ஒன்றும் இல்லை என்றாலும் அந்தப் பட்டியலையே எடுத்து, ஒவ்வொரு வகைக்கும் உள்ளங்கை அளவு ஓர் அட்டை அச்சிட்டேன். ஒன்பது கட்டங்கள், செய்தவரே பேனாவால் டிக் போட வேண்டும். வருகிற குழந்தைகளில் ஒருத்திக்கு எள் ஆகாது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இரண்டு வீட்டார் முட்டை தொடாத சைவம் என்பது முன்பே தெரியும்.

அத்தையிடம் போய் நின்றேன். எள் வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்றேன். "எள்ளும் இல்லை, முட்டையும் இல்லை என்றால் அதற்கு அச்சு மட்டும் எதற்கு?" என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, "தேங்காய்ப்பால் கெட்டியாக இருக்கட்டும், பார்க்கலாம்" என்றார்.

பார்த்ததில் மூன்று ஈடு வீணாயிற்று. முதல் ஈட்டுக்கு, கையில் இருந்த இடியாப்ப மாவைக் கரைத்தேன். அது வறுத்த மாவு. அச்சில் ஏறவே இல்லை; ஏறியதும் எண்ணெயில் இறங்கியவுடன் துகள் துகளாக உதிர்ந்து அடியில் போய்ப் படிந்தது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பச்சரிசியை ஊறப்போட்டார். இரண்டு மணி நேரம் ஊறியதை வடித்துத் துணியில் உலர்த்தினோம். ஊரில் இதற்குக் கணக்கு, கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக்கூடாது. அந்தப் பதம் வர அங்கே ஒரு மணி நேரம் ஆகும். இங்கே டிசம்பரில் ஹீட்டர் ஓயாமல் ஓடும் வீட்டில் காற்றில் ஈரமே கிடையாது. இருபது நிமிடத்தில் அரிசி சலசலவென்று காய்ந்துவிட்டது. அதை அரைத்ததில் மாவு நறநறவென்று நின்றது. அது இரண்டாவது ஈடு. மூன்றாவதில் மாவு சரியாக வந்தது. ஆனால் முட்டை இல்லாத குறை தெரிந்தது. பொரிந்தவை எண்ணெயைக் குடித்துக் கனத்தன, எடுத்தால் இதழ் இதழாகக் கழன்றன. பிடிப்புக்கு ஏதாவது வேண்டும். நாலுக்கு ஒன்று மைதா சேர்த்ததும் நின்றது.

நிலைத்த அளவு இதுதான். ஈரப்பச்சரிசி மாவு இரண்டு கப், மைதா அரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், ஒரு டின் தேங்காய்ப்பால் (400 மில்லி), ஒரு சிட்டிகை உப்பு, நான்கு ஏலக்காய். தேவைக்குத் தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் விட வேண்டும். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க, கரண்டியின் முதுகில் பூசிய மாவில் விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கும் பதம். சர்க்கரையைக் கூட்டினால் உள்ளே வேகும் முன் வெளியே சிவந்துவிடும், அச்சையும் விடாது. இந்த அளவுக்கு ஐம்பதுக்குச் சற்று மேல் வந்தது. எங்கள் தேவைக்கு ஒன்றரை மடங்கு கரைத்தோம்.

பொரிப்பது எங்கே என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் சமையலறையில் நான்கு அப்பளம் பொரித்தாலே புகை எச்சரிக்கைக் கருவி அலறும். கராஜில் ஒரு மின்சார அடுப்பை வைத்துக் கதவைப் பாதி திறந்துவிட்டுப் பொரிக்கலாம் என்பது என் யோசனை. வெளியே மைனஸ் 12 டிகிரி செல்சியஸ். இங்குள்ள 120 வோல்ட் மின்சாரத்தில் அந்தச் சின்ன அடுப்பு 1500 வாட்டுக்கு மேல் தராது. எண்ணெய் 150 டிகிரியைத் தொட்டது, அச்சை முக்கி எடுத்ததும் 130க்கு இறங்கியது, பிறகு எழவே இல்லை. அத்தை என்னுடைய பனிக்கோட்டையும் தன்னுடைய கம்பளியையும் போட்டுக்கொண்டு கரண்டியோடு நின்றார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். "மாப்பிள்ளை, இது பொரிகிறதா, குளிக்கிறதா?" என்றார். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தோம். படுக்கையறைக் கதவுகளைச் சாத்தி, புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் வைத்து, இரண்டு ஜன்னல்களை விரலளவு திறந்துவிட்டோம். கருவி ஒரே ஒரு முறைதான் கத்தியது.

அச்சு, அத்தையின் மாமியார் காலத்தது. வார்ப்பிரும்பு. எட்டு இதழ்ப் பூ, நடுவில் ஒரு வளையம், குறுக்கே ஏழு சென்டிமீட்டர். நீளக் கம்பியோடு சேர்ந்தே வார்த்தது, கழற்ற முடியாது. அகலமான வாணலியை விட்டுவிட்டு ஒடுக்கமான ஆழப் பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஊற்றினோம். அச்சு முழுகி, அதற்குக் கீழேயும் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். எண்ணெய் 175லிருந்து 180 டிகிரிக்குள். வெறும் அச்சு முதலில் இரண்டு நிமிடம் எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும்.

அடுத்த நொடிகளை அத்தையின் கையைப் பார்த்தால்தான் கற்றுக்கொள்ள முடியும். அச்சைத் தூக்குகிறார். சொட்டும் எண்ணெயை ஒரு காகிதத்தில் ஒற்றுகிறார், ஏனென்றால் எண்ணெய் வழியும் அச்சில் மாவு ஒட்டாது. மாவை ஒரு கலக்குக் கலக்குகிறார். அரிசி மாவு அடியில் போய் உட்கார்ந்துகொண்டே இருக்கும். அச்சை முக்கால் உயரத்துக்கு மட்டும் மாவில் இறக்குகிறார். 'சொய்' என்று ஒரு குட்டிச் சத்தம். அந்தச் சத்தம் வராவிட்டால் அச்சு சூடு போதவில்லை, மாவு பிடிக்காது. சத்தம் பெரிதாக வந்து மாவில் குமிழ் கிளம்பினால் சூடு அதிகம், மாவு கிண்ணத்திலேயே வெந்து கழன்றுவிடும். மாவு மேல் விளிம்பைத் தாண்டினால் தொலைந்தது. அச்சைச் சுற்றிப் பூட்டுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும், கத்தியால் கீறித்தான் எடுக்க வேண்டும். நான் செய்த முதல் ஐந்தில் நான்கு அப்படி. அத்தை எண்ணெயில் இறக்கி, முப்பது எண்ணுவதற்குள் மணிக்கட்டை இரண்டு முறை அசைக்கிறார். பூ தானாகக் கழன்று மிதக்கிறது. திருப்பிவிட்டு, அச்சை ஓரமாக மறுபடி எண்ணெயிலேயே வைக்கிறார்.

ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். 84 பொரிக்க இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. ஆறு உடைந்தன, நான்கை மகள் சாப்பிட்டாள்; மிச்சம் 74. இந்தக் குளிர் ஊருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஊரில் டிசம்பர் மழையில் டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் நமுத்துப்போகும் பண்டம், இங்கே மூன்று நாள் கழித்தும் தொட்டால் நொறுங்கியது.

சனிக்கிழமை. வாசலில் பனிக்காலணி வைக்க ரப்பர்த் தட்டுகள், கோட்டுகளுக்குக் கட்டில். சாப்பாட்டு மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டேன், ஆட்கள் ஒரே திசையில் சுற்றி வரட்டும் என்று. நிலக்கடலை சேர்ந்த வகை மட்டும் தனியாக ஒரு சின்ன மேசையில், தனி இடுக்கியோடு. டீயும் மிக்ஸரும் சமையலறை மேடையில். மிக்ஸர் அத்தையின் யோசனை. நான்கு வகை இனிப்பைத் தின்று பார்த்தவர்கள் அங்கே போய் நின்ற வேகத்தைப் பார்த்தால், அடுத்த முறை அதையும் ஒரு வகையாகவே சேர்த்துவிடலாம் போலிருந்தது.

காலையிலேயே கணக்கு உடைந்தது. ஒரு வீட்டில் காய்ச்சல், இன்னொரு வீட்டில் வண்டி கிளம்பவில்லை. பத்து எட்டானது. வந்தவர்களில் ஒருவர் ஆறு டஜனுக்குப் பதில் மூன்றுடன் வந்து, வாசலிலேயே மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது தட்டு ஓவனில் கரிந்துவிட்டதாம். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் மறு ஆண்டு ஆள் வராது. 60ஐ எட்டால் வகுத்தால் ஏழரை. வகைக்கு ஏழு, கரிந்தவருடையதில் மட்டும் நான்கு என்று ஒரு காகிதத்தில் எழுதி மேசை முனையில் ஒட்டினேன். ஆறு டஜன் விதியின் மேல் எனக்கிருந்த பெருமை அத்தோடு போயிற்று. வந்த பிறகு எண்ணி வகுப்பதுதான் முறை. முன்கூட்டியே சொல்வது தோராயமாக இருந்தால் போதும்.

மேசையில் இருந்தவற்றில் சில: நிலக்கடலை வெண்ணெய் குக்கியின் நடுவே ஒரு சாக்லேட் முத்தை அமுக்கிய 'பீனட் பிளாசம்'. 1957இல் பில்ஸ்பரி மாவு நிறுவனம் நடத்திய சமையல் போட்டிக்கு ஓஹையோவைச் சேர்ந்த ஃபிரீடா ஸ்மித் அனுப்பியது. முதல் பரிசு வேறொரு பண்டத்துக்குப் போயிற்று. அது எது என்று இன்று யாரைக் கேட்டாலும் தெரியாது, இதைச் செய்யாத வீடு இல்லை. பில்ஸ்பரி இந்த ஊரில் பிறந்த நிறுவனம்தான். மிசிசிப்பி அருவியின் வேகத்தில் ஆலைகளை ஓட்டி, 1880 முதல் 1930 வரை உலகத்தின் மாவுத் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. என் மனைவியின் தோழி முட்டையில்லாத ஷார்ட்பிரெட் செய்திருந்தாள். எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு, அவ்வளவுதான் அதன் சூத்திரம். குக்கி செய்யத் தெரியாது என்று தயங்குகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

நியூ மெக்சிகோவைச் சேர்ந்த நண்பர், சோம்பும் பட்டையும் மணக்கும் 'பிஸ்கோச்சிட்டோ' கொண்டுவந்தார். 1989இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ குக்கியாகவே அறிவித்திருக்கிறது. முட்டை தொடாத கும்பகோணத்து நண்பர் ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்து, "சோம்பு போட்டிருக்கிறார்கள், நம் பக்கத்து வாசனை" என்று பாராட்டிக்கொண்டிருந்தார். அட்டையில் கோதுமைக்கும் முட்டைக்கும் டிக் இருந்தது. அதை அவர் படிக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். செய்தவரே அவசரமாக வந்து, "இதில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது, மரபான செய்முறை அப்படித்தான்" என்றார். குக்கி மேசைக்கே திரும்பியது. நான் அச்சிட்ட ஒன்பது கட்டங்களிலும் பன்றிக்கொழுப்புக்கு இடமில்லை. ஏனென்றால் அது ஒவ்வாமைப் பொருள் அல்ல. மார்ஷ்மல்லோவில் இருக்கும் ஜெலட்டினுக்கும் இடமில்லை. நம்மவர்கள் வருகிற மேசைக்கு இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: என்ன கொழுப்பு, ஜெலட்டின் உண்டா. அங்கேயே பேனாவால் எழுதிச் சேர்த்தேன்.

இரண்டரை மணிக்கு எதிர்வீட்டு அம்மையார் வந்தார். எண்பதைத் தாண்டியவர், நார்வேயிலிருந்து குடியேறியவர்களின் வழியில் வந்தவர். தகர டப்பாவை மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மெழுகுத்தாளுக்கு நடுவே அடுக்கடுக்காக அச்சு முறுக்கு. இதழ், வளையம், இடைவெளி எல்லாம் அப்படியே. மேலே மட்டும் சர்க்கரைப் பொடி, பனி பெய்ததுபோல. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்முடையதை அங்கே ஏன் கொண்டுபோய் வைத்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார். பிறகு, பக்கத்திலேயே தன்னுடைய அடுக்கும் இருப்பதைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கால் மணி நேரம் யாரும் மேசையைச் சுற்றி நடக்கவில்லை. அம்மையாருக்குத் தமிழ் தெரியாது, அத்தையின் ஆங்கிலம் 'தேங்க் யூ' அளவில்தான். அத்தை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கம்பியைப் பிடித்து முக்கும் சைகையைக் காட்டினார். அம்மையார் அதே சைகையைத் திருப்பிக் காட்டி, கடைசியில் மணிக்கட்டை இரண்டு முறை ஆட்டினார். அத்தை என் மனைவியின் தோளைத் தட்டி, "அவர்களுக்கும் ஆட்ட வேண்டியிருக்கிறது பார்" என்றார்.

ரோசெட் மாவு வேறு. கோதுமை மைதா ஒரு கப், பால் ஒரு கப், முட்டை இரண்டு, சர்க்கரை பேருக்கு ஒரு கரண்டி. தேங்காயும் இல்லை, அரிசியும் இல்லை. கடித்தால் வாயில் கரைந்துவிடும். நம்முடையது நொறுங்கும், பிறகு தேங்காய் மணம் வரும். அவர் அச்சு அலுமினிய வார்ப்பு, திருகாணியால் கம்பியில் பூட்டியது; பூவைக் கழற்றிவிட்டு நட்சத்திரத்தையோ பட்டாம்பூச்சியையோ மாட்டிக்கொள்ளலாம். ஸ்காண்டிநேவியக் குடியேறிகள் நிறைந்த ஊர் என்பதால், 1946இல் இங்கே தொடங்கிய நார்டிக் வேர் நிறுவனம் ஆரம்ப நாள்களில் வார்த்து விற்றவற்றில் ரோசெட் அச்சும் உண்டு.

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து நண்பர் இரண்டையும் ஒவ்வொன்று கடித்துப் பார்த்துவிட்டு, "எங்கள் ஊரில் இதைக் கொக்கிஸ் என்போம், சித்திரை வருடப்பிறப்புக்குச் செய்வார்கள்" என்றார். டச்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர் அது. டச்சு மொழியில் சின்னப் பலகாரத்துக்குக் 'கூக்யே' என்று பெயர். ஆங்கிலத்தின் 'குக்கி'யும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். அந்த மேசையில் ஓவனைப் பார்க்காத பண்டங்கள் இந்த இரண்டு மட்டும்தான். பெயர்ப் பொருத்தத்தில் எல்லாவற்றையும்விட நெருக்கம் எங்கள் அச்சு முறுக்குக்குத்தான் என்று வாதாடினேன். ஒரே வகை இருமுறை வரக்கூடாது என்று எழுதிய கையாலேயே வாதாடுகிறேன் என்று மனைவி நினைவூட்டினாள்.

பொட்டலம் கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நாங்கள் அதிகம் கெடுத்தது அங்கேதான். ஆளுக்கொரு பெரிய தகரப் பெட்டி வாங்கி வைத்திருந்தேன், எல்லாம் ஒன்றாகப் போகட்டும் என்று. மெத்தென்றிருக்கும் இஞ்சி வெல்லப்பாகு குக்கியும் மொறுமொறுப்பான முறுக்கும் ஒரே பெட்டியில் ஓரிரவு இருந்தால், குக்கியின் ஈரம் முறுக்குக்கு நகர்ந்துவிடும். காலையில் குக்கி வறண்டிருக்கும், முறுக்கு வளையும். இரண்டுக்கும் நஷ்டம். பெப்பர்மின்ட் மிட்டாய் தூவிய வகை இன்னும் மோசம். எங்கள் பெட்டியில் அதன் பக்கத்தில் இருந்த ஷார்ட்பிரெட் மறுநாள் பற்பசை மணத்தது. அத்தை தனியாக எல்லோருக்கும் இரண்டிரண்டு கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்தும் அதே கதியாயிற்று. பாசிப்பயறும் வெல்லமும் பெப்பர்மின்டும் சேர்ந்தால் என்ன சுவை என்று தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட வேண்டாம்.

நல்ல வேளையாக முறுக்கை மட்டும் பலர் வேறாக எடுத்துப் போனார்கள். உடைந்துவிடுமே என்று, உணவகங்களில் சூப் கட்டித் தரும் உருளை வடிவ பிளாஸ்டிக் டப்பாக்களைக் கடைசி நேரத்தில் எடுத்துக் கொடுத்தேன். ஏழு சென்டிமீட்டர்ப் பூ அதில் ஆடாமல் ஏழு அடுக்கு நின்றது. நமுத்தவற்றை 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி மொறுமொறுப்பாகும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். பெப்பர்மின்ட் மணத்துக்கு மருந்து கிடையாது. இனி மெத்தானவை ஒரு பெட்டி, மொறுமொறுப்பானவை ஒரு பெட்டி, பெப்பர்மின்ட் தனி உறை.

நான்கு மணிக்கெல்லாம் கடைசி வண்டியும் போயிற்று. அத்தை களைத்துப்போய்ப் படுத்துவிட்டார். மேசையைத் துடைத்து, தட்டு, கிண்ணம், இடுக்கி, எண்ணெய்ப் பாத்திரம் என்று அகப்பட்டதையெல்லாம் டிஷ்வாஷரில் அடுக்கி, சோப்பு வில்லையைப் போட்டு ஓடவிட்டேன். உதவி செய்கிறேன் என்ற எண்ணம். அச்சும் உள்ளே போயிற்று.

காலையில் திறந்தபோது அது செம்மண் நிறத்தில் இருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக எண்ணெய் குடித்துக் கறுத்து வழவழவென்றிருந்த இரும்பு, ஒரே இரவில் வெளிறித் துருவேறிவிட்டது. அத்தை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோப்புப் போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்று பிற்பகல் எதிர்வீட்டு அம்மையார் தன் அச்சோடு வருவதாக ஏற்பாடு. வந்தார், துருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதற்கு மொழி தேவைப்படவில்லை. மிச்சமிருந்த எங்கள் மாவில் அவருடைய அலுமினியப் பூவை முக்கினோம். பிடித்தது, கழன்றது. ஆனால் அலுமினியம் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறிவிடுகிறது. இரும்பு அச்சைப்போல் நின்று நிதானமாகக் கலக்கிவிட்டு முக்க முடியவில்லை, எண்ணெயிலிருந்து தூக்கியவுடன் மாவுக்குள் போக வேண்டும். நிறமும் ஒரு சாயல் வெளுப்பாக வந்தது.

இரும்பைச் சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது. முதலில் சொரசொரப்பான நாரில் உப்பை வைத்துத் துரு போகும்வரை தேய்த்தேன். இதழ்களின் உள்மூலைக்குப் பழைய பல்துலக்கி. கழுவி, அடுப்புத் தணலில் உடனே உலர்த்தினேன். அத்தை சொன்னபடி, அரிசி கழுவிய தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்தோம். மறுநாள் அதை வடித்துத் துடைத்து, மறுபடி சூட்டில் காயவைத்து, நல்லெண்ணெய் பூசப் போனோம். இதற்கு எள் பரவாயில்லையா என்று அத்தை கேட்டார். அந்தக் குழந்தையை நினைத்துக் கடலையெண்ணெய்க்கு மாறினேன், பிறகு நிலக்கடலையும் பட்டியலில் இருப்பது நினைவுக்கு வந்து, கடைசியில் தேங்காயெண்ணெய் பூசினோம். ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறியதும் மறுபடி ஒரு மெல்லிய பூச்சு, மறுபடி ஒரு மணி நேரம். மூன்றாவது சுற்றில் கறுப்பு திரும்பத் தொடங்கியது. பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும்; நான் தாராளமாகப் பூசிய ஓர் இதழில் மட்டும் பிசினாகத் திரண்டு, அதை மறுபடி தேய்க்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கப் மாவு கரைத்துச் சோதனை. முதலாவது ஒட்டிக்கொண்டு கத்தி கேட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பாதி வந்தது, பாதி அச்சிலேயே நின்றது. நான்காவதை ஊசியால் நெம்பியதும் விட்டது. ஐந்தாவதுக்கு அத்தை கரண்டியைக் கையில் எடுக்கவில்லை. மணிக்கட்டை இரண்டு முறை ஆட்டினார், பூ மிதந்தது. ஆறவைத்ததும் எனக்குத் தருவார் என்று பக்கத்திலேயே நின்றேன். அதை ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடி, மகளிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பினார்.